படலையடிக்கு வந்த பிரச்சாரம் போனுக்குள்ள போட்டுது: வன்னியில நீங்கள் என்ன காணுறியள்?

குளக்கட்டு, மல்லாவி:

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா மனசுக்குள்ள கிடந்த விசயம், மாகாணசபைத் தேர்தல் வரும் வரும் எண்டு திரும்பக் கதைக்கத் தொடங்கிட்டினம் எண்டபடியால் இப்பவே எழுதுறன். 2018 ஐப்பசியோட வடக்கு மாகாணசபையின்ர காலம் முடிஞ்சது. அடுத்தது எப்ப வந்தாலும் அரைவாசிக்கு மேல போனுக்குள்ளதான் நடக்கப்போகுது.

2013 இல அந்தத் தேர்தலுக்கு எங்கட ஒழுங்கைக்கு வேட்பாளர் ஒருத்தர் வந்தவர். வான் றோட்டில நிண்டது, ஆள் படலையைத் திறந்து வந்து மாமரத்துக்குக் கீழ கதிரையில இருந்தார், அம்மா தேத்தண்ணி குடுத்தவா, பக்கத்து வீட்டுச் சனம் ஒரு இருபது பேர் கூடிட்டுது. அப்பா எழும்பி, குளத்துத் துருசு, தண்ணி திறந்து விடுற மதகு, உடைஞ்சு தண்ணி வீணாப் போகுது, அதை ஆர் பாக்கிறது எண்டு கேட்டார். அந்த மனுசன் சேட்டுப் பொக்கற்றில இருந்து ஒரு துண்டை எடுத்து எழுதினவர். செய்தாரோ எண்டா செய்யேல்ல. ஆனா பேந்து அவற்ற ஆக்கள் வரேக்க அந்த இருபது பேருக்கும் ஞாபகம் இருந்தது, ஆளாளுக்குக் கேட்டவை, வந்தவைக்கு மறுமொழி இல்லை.

2024 கார்த்திகைப் பாராளுமன்றத் தேர்தலுக்கு ஒழுங்கைக்குள்ள ஒருத்தரும் வரேல்ல. அப்பாவின்ர போனுக்கு மட்டும் ஒரே நாளில 11 வீடியோ வந்தது. ட்ரோனால எடுத்த வயல், பின்னால பாட்டு, மூலையில வட்டம் போட்டு வேட்பாளரின்ர விருப்பு இலக்கம். அதில ஒரு வீடியோவில வந்தது எங்கட குளம். மேல இருந்து பாக்க வடிவாத்தான் இருந்தது, உடைஞ்ச துருசு மேல இருந்து தெரியாது.

அப்பாவுக்கு 68 வயசு, ரைப் பண்ண வராது, மைக்கை அமத்திச் சொன்னா எழுத்தா வாறதைத்தான் பாவிக்கிறவர். அப்பிடித்தான் கொமன்ட் போட்டார், "தம்பி, இந்தக் குளத்தின்ர துருசு உடைஞ்சு கிடக்கு, எப்ப கட்டுவியள்" எண்டு. போன் துருசை "தூசு" எண்டு எழுதிப்போட்டுது, நான் பக்கத்தில இருந்து திருத்திக் குடுத்தனான். ரெண்டு நாளால போய்ப் பாத்தா கொமன்ட்டைக் காணேல்ல, "வெற்றி நிச்சயம் அண்ணா" எண்டு போட்டதெல்லாம் அப்பிடியே கிடக்கு. அப்பா ஒண்டும் சொல்லேல்ல, போனைக் கவிட்டு வைச்சிட்டு மாடு கட்டப் போட்டார்.

எனக்கு அண்டைக்கு நெஞ்சில ஏறினது இதுதான்: மாமரத்துக்குக் கீழ கேட்ட கேள்வியை ஒருத்தராலும் அழிக்கேலாது, இருபது பேர் கேட்டது. போனுக்குள்ள கேட்டதை ஒரு விரலால அழிச்சுப் போட்டினம். உங்கட ஊருகளில எப்பிடி?

நெடுங்கேணிப் பெடியன்:

அண்ணை, அப்பாவுக்கு நடந்தது பிழைதான், அதில மறுபேச்சு இல்லை. ஆனா நெற் வரமுதல் எல்லாரும் ஒழுங்கைக்குள்ள வந்தவையோ? எங்கட பக்கம் யானை வாற காடு, இந்தப் பக்கம் ஆரும் எட்டிப் பாக்கிறேல்ல. வான், ஒலிபெருக்கி, போஸ்டர், சாப்பாட்டுப் பார்சல் எண்டு செலவழிக்கக் காசு இருந்தவைக்குத்தான் முந்தித் தேர்தல். காசில்லாதவன் போட்டியிட்டா அவன் நிக்கிறான் எண்டதே ஆருக்கும் தெரியாது.

இப்ப பாருங்கோ, அனுர குமார திசாநாயக்க 2019 ஜனாதிபதித் தேர்தலில எடுத்தது 3.16 வீதம், 2024 இல 42.31 வீதம். கார்த்திகைப் பாராளுமன்றத் தேர்தலில அவற்ற திசைகாட்டிக் கட்சிக்கு வன்னியில 6 இல 2 சீற், யாழ்ப்பாணத்தில 6 இல 3. யாழ்ப்பாணத்தில சுயேச்சைக் குழு 17 எண்டு ஒண்டு ஒரு சீற் எடுத்தது, அதின்ர தலைவரை சனத்துக்குத் தெரிய வந்ததே பேஸ்புக் லைவாலதான். கட்சிக் கந்தோரும் இல்லை, பரம்பரை வாக்கும் இல்லை. இது நல்லதோ கெட்டதோ எண்டு ஆளுக்கொரு கருத்து இருக்கும், ஆனா கதவு திறந்தது உண்மை. 2022 இல பெற்றோலுக்கும் காஸுக்கும் லைன்ல நிண்ட கோவமும் சேர்ந்துதான் இது நடந்தது, நெற் மட்டும் எண்டு நானும் சொல்லேல்ல.

இன்னொண்டு. கேப்பாப்புலவுச் சனம் 2017 தை 31 படை பிடிச்சு வைச்சிருந்த தங்கட காணிக்காக றோட்டில குந்தினவை. அடுத்த மாசம் கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமார் கோயிலடியில பந்தல் போட்டவை. அந்தப் படங்கள் பேஸ்புக்கில வராட்டி வெளிநாட்டில ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்? எங்களுக்கே, முல்லைத்தீவில நடக்கிறது நெடுங்கேணிக்கு போனாலதான் தெரிஞ்சது.

முருங்கன் ரீச்சர்:

நான் வாக்கெண்ணிற விசயத்தில இருந்து ஒண்டு சொல்லவேணும், ஏனெண்டா இதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதைக் காணேல்ல.

2024 புரட்டாதி 21 ஜனாதிபதித் தேர்தல், கார்த்திகை 14 பாராளுமன்றத் தேர்தல். ரெண்டுக்கும் இடையில ரெண்டு மாசமும் இல்லை. முதலாவதில ஒரு ஆளுக்குப் புள்ளடி போடலாம், விரும்பினா 1, 2, 3 எண்டும் போடலாம். ரெண்டாவதில முதல் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ நேர புள்ளடி போடவேணும், அதுக்குப் பிறகுதான் கீழ இருக்கிற விருப்பு இலக்கங்களில மூண்டு பேர் வரைக்கும் போடலாம். ரெண்டும் வேற வேற முறை. நாடு முழுக்க பாராளுமன்றத் தேர்தலில நிராகரிக்கப்பட்ட வாக்கு 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல, ஜனாதிபதித் தேர்தலில அது 3 லட்சமளவில.

இப்ப வீடியோக்களை யோசிச்சுப் பாருங்கோ. வன்னியில 6 சீற்றுக்கு ஒவ்வொரு கட்சியிலும் 9 பேர் நிக்கினம். ஒரே கட்சிக்குள்ளயே ஒராளை ஒராள் வெட்டி விருப்பு வாக்கு எடுக்கவேணும், அதால எல்லாரும் தன்ர இலக்கத்தை மட்டும் பெரிசாப் போட்டு ஆட்டி ஆட்டிக் காட்டினம். கட்சிச் சின்னம் சின்னனா மூலையில. எங்கட பக்கத்து வீட்டு ஆச்சி என்னட்டை வந்து கேட்டவா, "பிள்ளை, நான் அந்த நம்பருக்கு மட்டும் கீறினாக் காணும்தானே" எண்டு. காணாது ஆச்சி, அப்பிடிக் கீறினா உங்கட வாக்கு குப்பையில எண்டு சொல்லி, கொப்பி ஒற்றையில கோடு கீறி, கட்சிப் பேர் எழுதி, கீழ 1 இல இருந்து 9 வரைக்கும் பெட்டி போட்டு, பென்சிலைக் கையில குடுத்து நாலு தரம் கீறப் பழக்கினன். நாலாந்தரம்தான் ஆச்சி சின்னத்தில முதல் கை வைச்சவா.

ஒரு லட்சம் பேர் பாத்த பாட்டு இருக்கு, வாக்குச்சீட்டை எப்பிடி அடையாளம் போடுறது எண்டு எங்கட ஊர்த் தமிழில ஒரு வீடியோவை எந்த வேட்பாளரும் எங்களுக்கு அனுப்பேல்ல.

வன்னியான் ஸ்காபரோவில:

நான் இதை எழுதவேணும் எண்டு ரெண்டு நாளா யோசிச்சன். ஊரை விட்டு கனடாவுக்கு வந்து கனகாலம். வாக்கு அங்க எனக்கு இல்லை. ஆனா 2024 இல நான் புதுக்குடியிருப்பில இருக்கிற அம்மாவுக்கும் ரெண்டு தங்கச்சிமாருக்கும் மருமகனுக்கும் போன் எடுத்து ஆருக்குப் போடவேணும் எண்டு சொன்னனான். சும்மா சொல்லேல்ல, வீடியோவாத் தேடித் தேடி அனுப்பினனான். இரவு வேலை முடிஞ்சு வந்து நித்திரை கொள்ளாம யூடியூப் பாக்கிறது, பிறகு ஷெயார் பண்ணுறது. அம்மா கடைசியா ஒண்டு சொன்னவா, "தம்பி, நீ சொன்ன ஆளை எனக்குத் தெரியாது, ஆனா நீ கோவிப்பாய் எண்டு போடுறன்" எண்டு.

நான் மாசம் மாசம் காசு அனுப்புறவன். நான் சொன்னா வீட்டில கேப்பினம். நான் எதிர்பாத்தது அவை என்ர கதையைக் கேட்டு யோசிப்பினம் எண்டு, நடந்தது அவை யோசிக்கிறதை விட்டது. இஞ்ச என்னைப் போல ஆயிரம் பேர் இருக்கினம். குளத்தையும் துருசையும் நாங்கள் காணேல்ல, எங்கட வீடியோவில தேசியம், துரோகம், வரலாறு எண்ட மூண்டும்தான் ஓடும். அதுகளும் வேண்டியதுதான், நான் இல்லையெண்டேல்ல. ஆனா அம்மாட வளவுக்குத் தண்ணி வருதோ எண்டு அந்த ஒரு மாசமும் நான் ஒருக்காலும் கேக்கேல்ல.

ஒட்டுசுட்டான் அக்கா:

தம்பி, நீங்கள் இதை மறைக்காமச் சொன்னது எனக்குச் சந்தோசம். அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்து இதையும் சொல்லுங்கோ.

நான் 2025 வைகாசி 6 உள்ளூராட்சித் தேர்தலில வட்டாரத்தில நிண்டனான். பொம்பிளையளுக்கு 25 வீதம் எண்டு சட்டம் வந்த பிறகுதான் கட்சிக்காரர் எங்கட வீட்டுப் படலையைத் தட்டினவை, அதுக்கு முதல் மாதர் சங்கத்துக் கூட்டத்துக்குக் கதிரை அடுக்கத்தான் எங்களைக் கூப்பிடுறது. நியமனப்பத்திரம் குடுத்து மூண்டாம் நாள், என்ர மகளின்ர சாமத்திய வீட்டில எடுத்த படத்தை வெட்டி, வேற ஆரோடையோ ஒட்டி, ஒரு போலி ஐடியில போட்டிட்டினம். அதை எனக்கு முதல் காட்டினது என்ர மகன். அவனுக்கு 15 வயசு. அவன் போனை நீட்டின விதம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது, என்ர முகத்தைப் பாக்கேல்ல, சுவரைப் பாத்துக்கொண்டு நீட்டினவன்.

முறைப்பாடு குடுத்தம், றிப்போட் அடிச்சம், அந்தப் பேஜை எடுத்துவிட ஒன்பது நாள் எடுத்தது. விலகுவம் எண்டுதான் நினைச்சனான். என்ர மனுசன்தான் சொன்னார், உன்னை இஞ்ச எல்லாருக்கும் தெரியும், போய்க் கதை எண்டு. வட்டாரம் எண்டது சின்ன இடம்தானே, ஒரு சைக்கிளில சுத்திடலாம். வீடு வீடாப் போனன். ஒரு வீட்டில ஒரு அம்மா அந்தப் படத்தைப் பாத்ததாச் சொன்னவா, சொல்லிப்போட்டு என்ர கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கொண்டு போய் மோர் தந்தவா. நான் வெல்லேல்ல, ஆனா விலகவும் இல்லை.

வட்டாரத்தில பொய் கனநாள் நிக்காது, ஆளை ஆளுக்குத் தெரியும். மூண்டு மாவட்டம் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில ஒரு பொம்பிளைக்கு இது நடந்தா அவ எத்தினை வீட்டுக்கு நடப்பா? மன்னாரில இருந்து முல்லைத்தீவு வரைக்கும் நடப்பாவோ? இதுக்குப் பயந்து எத்தினை பேர் கையெழுத்தே வைக்காம விட்டவை எண்டது எனக்குத் தெரிஞ்ச வீடுகளிலயே இருக்கு.

வவுனியா வாசகன்:

பொய் எண்டது நெற்றோட வந்ததில்லை. 2013 புரட்டாதி 21, வடக்கு மாகாணசபைத் தேர்தல் அண்டு விடிய, உதயன் பேப்பர் மாதிரியே போலிப் பேப்பர் அடிச்சு யாழ்ப்பாணத்தில விட்டவை, அதில தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கப் பக்கம் மாறிட்டா எண்டு செய்தி. சனம் நம்பேல்ல, அவவுக்கு 87 ஆயிரத்துக்கு மேல விருப்பு வாக்கு விழுந்தது, கூட்டமைப்புக்கு 38 இல 30 சீற். ஆனா யோசியுங்கோ, அதைச் செய்ய அச்சகம் வேணும், பேப்பர் வேணும், விடியப்புறம் வாகனத்தில கொண்டு திரிய ஆள் வேணும். இப்ப அதுக்கு ஒரு வொய்ஸ் காணும். 2024 இல தேர்தலுக்கு முதல் நாள் எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில ஒரு வொய்ஸ் வந்தது, இன்ன வேட்பாளர் விலகிட்டார், வாக்கை வீணாக்காதேங்கோ எண்டு. குரல் அவற்ற குரல் மாதிரியேதான். பாத்தா ரெட்டை அம்புக்குறி, கனபேர் கடத்தி வந்தது எண்டதுக்கு அடையாளம். வட்ஸ்அப்காரர் 2019 இல ஒரு தரத்துக்கு 5 பேருக்கு மேல அனுப்பேலாது எண்டு கொண்டுவந்தவை, 2020 சித்திரையில இந்த ரெட்டை அம்பு வந்ததுகளை ஒரு தரத்துக்கு ஒரு ஆளுக்கோ ஒரு குறூப்புக்கோதான் எண்டாக்கினவை. குறைஞ்சிருக்கும், நிக்கேல்ல. மாமா ஒவ்வொரு குறூப்பா பொறுமையா இருந்து அனுப்பினவர்.

அமைதிக்காலம் எண்டு இருக்குதெல்லே, வாக்களிப்புக்கு முதல் 48 மணித்தியாலம். 2024 இல கார்த்திகை 11 நடுச்சாமத்தோட பிரச்சாரம் முடிஞ்சது. றோட்டில ஒலிபெருக்கி நிண்டிட்டுது, போஸ்டர் கிழிச்சாச்சு. போனுக்குள்ள அமைதி வரேல்ல, அந்த ரெண்டு நாளிலதான் ஆகக் கூட வந்தது, மறுப்புச் சொல்ல நேரமில்லாத நேரம் பாத்து விடுகினம்.

இதுக்குச் சட்டம் எண்டு 2024 இல நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கொண்டுவந்தவை, 9 ஆம் இலக்கம். எனக்கு அதில நம்பிக்கை இல்லை. எது பொய் எண்டு தீர்மானிக்கிற அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கிற ஆணைக்குழுவிட்டக் குடுத்தா, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி ஒரு அம்மா சொல்லுறதையும் பொய் எண்டு சொல்லேலும். 2018 பங்குனியில கண்டிப் பக்கம் முஸ்லிம் சனத்துக்கு அடி விழேக்க பேஸ்புக்கில சிங்களத்தில வந்த வெறுப்புப் பதிவுகளைப் பாக்க அந்தக் கொம்பனியிட்ட போதிய ஆக்கள் இல்லை, அரசாங்கம் பேஸ்புக்கை முழுசா நிப்பாட்டினது, கொம்பனி மன்னிப்புக் கேட்டது 2020 வைகாசியில. ரெண்டு வருசம் கழிச்சு. அப்ப ரெண்டு பேரையும் முழுசா நம்பேலாது.

நெடுங்கேணிப் பெடியன்:

வாசகன் அண்ணை சொன்ன வொய்ஸ் எங்கட குறூப்புக்கும் வந்தது. நான் அதை அழிச்சனான், திருப்பி ஒருத்தருக்கும் "இது பொய்" எண்டு சொல்லேல்ல. இப்ப யோசிக்க அது பிழை.

கணக்குப்பிள்ளை, மாங்குளம்:

காசுக் கதையை ஒருத்தரும் எடுக்கேல்ல எண்டபடியால் நான் எடுக்கிறன். 2023 இல 3 ஆம் இலக்கச் சட்டம், தேர்தல் செலவை ஒழுங்குபடுத்திற சட்டம் வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில ஒரு வேட்பாளர் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா கணக்கிலதான் செலவழிக்கலாம் எண்டு தேர்தல் ஆணைக்குழு தீர்மானிச்சது. நாட்டில 1 கோடியே 71 லட்சம் வாக்காளர், பெருக்கிப் பாத்தா 186 கோடி ரூபாக்கு மேல வரும். முடிவு வந்து 21 நாளுக்குள்ள கணக்குக் குடுக்கவேணும். மேடை, வான், நோட்டீஸ் எல்லாத்துக்கும் பில் இருக்கு, எண்ணலாம். ஆனா லண்டனில இருந்து ஒருத்தர் தன்ர கிரெடிட் காட்டால பேஸ்புக் பேஜ் ஒண்டை பூஸ்ட் பண்ணினா அது ஆற்ற கணக்கு? வேட்பாளர் "எனக்குத் தெரியாது, ஆதரவாளர் போட்டது" எண்டு சொல்லுவார். டிக்டொக் அரசியல் விளம்பரம் எடுக்கிறேல்ல எண்டு 2019 இலயே சொல்லிட்டுது, அதால வீடியோ செய்யிற பெடியளுக்குக் கையில காசைக் குடுத்துச் செய்விக்கினம், அது விளம்பரம் எண்டு எங்கயும் எழுதியிராது.

பேஸ்புக்கில விளம்பர நூலகம் எண்டு ஒண்டு இருக்கு, ஆரும் பாக்கலாம், கணக்கும் தேவையில்லை. பேஜின்ர பேரை அடிச்சா அரசியல் விளம்பரமெண்டு பதிஞ்சதுக்கு ஆர் காசு குடுத்தது, எவ்வளவுக்குள்ள, எந்தப் பக்கத்துச் சனத்துக்குக் காட்டினது எண்டு வரும். நான் பாத்து ஒரு விசயம் கண்டனான். ஒரே ஆள், ஒரே கிழமை, வவுனியா டவுனுக்கு ஒரு விளம்பரம், முல்லைத்தீவுக்கு வேற விளம்பரம். ஒண்டில குடியேற்றத்தைப் பற்றி ஆவேசம், மற்றதில அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஒற்றுமை எண்டு பேச்சு. ரெண்டு சனமும் ஒண்டை ஒண்டு காணாது. முந்தி மேடையில ஏறிச் சொன்னா எல்லாருக்கும் ஒரே பேச்சுத்தானே கேக்கும். நான் பயப்பிடுறது பொய்யுக்கு இல்லை, இதுக்குத்தான்.

இன்னுமொரு சின்னப் பிரச்சினை. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், மாங்குளம் முல்லைத்தீவு மாவட்டம், அப்ப வன்னித் தேர்தல் மாவட்டம். போன் எங்களைக் கிளிநொச்சி எண்டு நினைச்சு யாழ்ப்பாண வேட்பாளரின்ர விளம்பரத்தைக் காட்டுது. அந்த ஆளுக்குத்தான் போடப்போறன் எண்டு அடம்பிடிச்ச கிழவர் ஒருத்தர் என்ர கடைக்கே வந்தவர்.

நட்டாங்கண்டல்:

எங்கட பக்கம் கவரேஜ் குளக்கட்டில ஏறினாத்தான். பின்னேரத்தில பெடியள் எல்லாம் அங்க, டேட்டா காட்டும் கையுமா. பொம்பிளையள் ஏறுறேல்ல, இருட்டில யானை. அப்ப எங்கட ஊரில பிரச்சாரம் முழுக்க ஆம்பிளைப் பெடியளின்ர போனுக்குத்தான் வந்தது, அவை வந்து சொன்னதுதான் வீட்டில செய்தி. இதையும் எழுதுங்கோ.

குளக்கட்டு, மல்லாவி:

எல்லாற்ற எழுத்தையும் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். ஒட்டுசுட்டான் அக்கா எழுதினதை ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னவர்.

நான் ஒண்டு யோசிச்சிருக்கிறன். அவை எங்கட கொமன்ட்டை அழிக்கலாம், ஆனா தங்கட வீடியோவை நாங்கள் இறக்கி வைக்கிறதைத் தடுக்கேலாது. எங்கட சனசமூக நிலையத்தில பழைய கணினி ஒண்டு கிடக்கு. அடுத்த தேர்தல் அறிவிச்ச நாளில இருந்து எங்கட போன்களுக்கு வாற எல்லா வீடியோவையும், திகதி போட்டு, எந்த ஊர்ப் போனுக்கு வந்தது எண்டும் எழுதி அதில சேப்பம். கணக்குப்பிள்ளை அண்ணை சொன்ன மாதிரி வவுனியாவுக்கு ஒண்டும் முல்லைத்தீவுக்கு ஒண்டும் சொன்னா ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில போட்டுக் காட்டலாம். வேட்பாளரைக் கூப்பிடுவம். வந்தா சனத்துக்கு முன்னால அவற்ற வீடியோவைப் போட்டு அதிலயே கேள்வி கேப்பம். வராட்டி அவற்ற கதிரையை வெறுமையா விட்டு வீடியோவைப் போடுவம்.

கணக்குப்பிள்ளை, மாங்குளம்:

செய்யலாம். அதோட தகவல் அறியும் சட்டம் இருக்கு, 2016 இல 12 ஆம் இலக்கம். ஒரு வீடியோவில ஒருத்தர் இந்த றோட்டு நான் போட்டது எண்டு நிண்டார், நாங்கள் எழுதிக் கேட்டம், அந்தக் காசு வேற திட்டத்தில முதலே வந்த காசு எண்டு கடிதம் வந்தது. துருசுக்கும் இப்பவே ஒண்டு எழுதிப் போடுங்கோ, தேர்தல் வரும்வரைக்கும் இருக்கத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். நான் மாதிரிக் கடிதம் அனுப்புறன்.

முருங்கன் ரீச்சர்:

வீடியோ போடுற அண்டு எனக்கு அரை மணித்தியாலம் தாங்கோ. மாதிரி வாக்குச்சீட்டு கீறிக்கொண்டு வாறன், பென்சிலும் கொண்டு வாறன். பொம்பிளையள் வரக்கூடிய நேரமாப் பாத்து வையுங்கோ, நட்டாங்கண்டலில இருந்து வாறவைக்கு இருட்டமுதல் திரும்பிப் போகவேணும்.

வன்னியான் ஸ்காபரோவில:

கணினி பழசு எண்டா நான் ஒண்டு வாங்கித் தாறன். என்ர பேர் எங்கயும் வேண்டாம். அம்மாவோட நேற்றுக் கதைச்சனான். கிணத்தில தண்ணி கீழ போட்டுதாம்.

குளக்கட்டு, மல்லாவி:

கணக்குப்பிள்ளை அண்ணை, கடிதம் வந்தது, நன்றி. அப்பாதான் கையெழுத்து வைச்சவர். போடமுதல் ஒருக்கா கேட்டவர், துருசு எண்டதைச் சரியா எழுதினனியோ எண்டு. காட்டினன்.